அண்டாவுக்குள் எங்கள் தெரு

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த டைரி ஒரு நகைக்கடை எப்போதோ இலவசமாகக் கொடுத்தது. தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் எல்லாம் தப்பு. அடித்து அடித்து எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தது: பூல்பாண்டி. ஊர்: கோவில்பட்டி. தொழில்: பந்தல், பாத்திரம், மைக் செட் வாடகை. படிப்பு: எட்டு, அதுவும் முழுசாக இல்லை. ரத்த வகை: சிவப்பு.

எழுத வைத்தது செண்பகம். என் பெண்டாட்டி. வயசு நாற்பத்து மூன்று. பி.எஸ்ஸி. முடித்த கையோடு எனக்குக் கழுத்தை நீட்டினவள். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மறுமாசமே, "ஏங்க, நான் படிக்கப் போறேன்" என்றாள். டெய்லரிங் ஆக்கும் என்று தலையை ஆட்டிவிட்டேன். இப்போது பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருஷம். கூடப் படிக்கிறதெல்லாம் எங்கள் மகள் வயசு. அவளை அக்கா என்கிறார்கள், என்னை மாமா என்கிறார்கள். எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை.

நாளையிலிருந்து அவளுடைய ப்ராஜெக்ட். எங்கள் தெருவில் இருபது வீடு. ஒவ்வொரு வீடும் தினம் சேருகிற குப்பையைத் தராசில் நிறுத்து, ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். ஆறு வாரம். எங்கள் வீட்டுக்கு எழுதுகிற ஆள் நான்.

"நீயே எழுதினா என்னட்டி?"

"ஆராய்ச்சி பண்றவ தன் வீட்டுக்கு எழுதக்கூடாதுங்க. ஒருதலைப்பட்சமா ஆயிரும்."

"இந்த வீட்ல இருபத்திரண்டு வருஷமா அதானே நடக்குது?"

சிரிக்கவில்லை. மாதிரிக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் காட்டச் சொன்னாள். கத்தரிக்காய்க் காம்பைப் பற்றி ஆறு வரி எழுதினேன். "குப்பையை மட்டும் எழுதுங்க. கதை எழுதாதீங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். கதையை எங்கே போடுவது? அதற்குத்தான் இந்த டைரி.

பிப்ரவரி 3, திங்கள்

ஈரக் குப்பை: கத்தரிக்காய்க் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், வாடின பிச்சிப்பூ. உலர்ந்தது: பால் கவர், சோப்பு அட்டை.

செண்பகம் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாம்பார் நான் வைத்தேன். அதையும் ஈரக் குப்பையில் எழுதலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். வகுப்பில் இருக்கிறாளாம்.

பிப்ரவரி 5, புதன்

இருபது வீட்டில் எழுதுகிறது ஆறு வீடு. செண்பகம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தாள். துணைக்கு நானும் போனேன்.

எதிர்வீட்டு ராஜகனி மதினி அம்மிக்கல் மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "எங்க வீட்டு மீன்முள்ளை நிறுத்துத்தான் உம்ம பொண்டாட்டி பாஸாகணுமா கொழுந்தனாரே?"

"பாஸானா உங்களுக்கும் பாதி பட்டம் தரச் சொல்றேன் மதினி."

"பாதியை நீரே வச்சுக்கிடும். எட்டாங்கிளாஸோட சேத்தா கணக்கு சரியா வரும்."

மூலைவீட்டுத் தங்கப்பழம் அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏலே பாண்டி, ஊரு பூரா டிக்கெட் கிழிச்சுப் போட்டவன் நான். எனக்குக் குப்பையப் பத்திப் பாடமா?" என்று கதவைச் சாத்தினார்.

செண்பகம் திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை. இருபது வீடும் எழுதாவிட்டால் ப்ராஜெக்ட்டை ஏற்க முடியாது என்று ஹெலன் மேடம் சொல்லிவிட்டார்களாம். அந்த மேடம்தான் இவளுக்கு வழிகாட்டி. "ப்ராஜெக்ட் இல்லன்னா பட்டம் இல்லங்க. அடுத்த வருஷம் முதல்ல இருந்து." ரெண்டு ஜோக் சொல்லிப் பார்த்தேன். ரெண்டும் ஈரக் குப்பையில் சேர்த்தி.

பிப்ரவரி 6, வியாழன்

செண்பகம் பஸ் ஏறின பிறகு லோடு ஆட்டோவில் மைக்கைக் கட்டினேன். கோயில் கொடைக்குப் பேசுகிற குரலில், தெருவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மூன்று தடவை:

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! தினசரி வீட்டுக் குப்பையை நிறுத்துப் படிவத்தில் எழுதி, ஆறு வார முடிவில் ஆகக் குறைந்த குப்பை காட்டும் இல்லத்துக்கு, நமது பூல்பாண்டி பாத்திரக் கடை வழங்கும் மாபெரும் பரிசு, ஐந்தடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்! முக்கியக் குறிப்பு: இந்தச் செய்தி செண்பகத்தின் காதுக்குப் போனால் பரிசு ரத்து!"

ஆட்டோவை நிறுத்துவதற்குள் தங்கப்பழம் அண்ணாச்சி தராசு கேட்டு வந்துவிட்டார்.

பிப்ரவரி 7, வெள்ளி

இருபது வீடும்! சாயங்காலம் செண்பகத்தின் கால் தரையில் பாவவில்லை. "முந்தாநாள் பொறுமையா எடுத்துச் சொன்னேன்ல, அதாங்க. யோசிச்சுப் பாத்திருக்காங்க."

"ஆமாட்டி. நீ சொன்னா கல்லும் கேக்கும்" என்றேன். முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்திருந்தேன். நான் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவன்.

பிப்ரவரி 14, வெள்ளி

குப்பை குறைகிறது. செண்பகம் கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் சறுக்கு விளையாடுகிற மாதிரி சரசரவென்று கீழே இறங்குகிறது. அண்ணாச்சி வீட்டில் நாலு பேர் சாப்பிட்டு, ஒரு சிட்டுக்குருவி போடுகிற அளவுக்குத்தான் குப்பை.

தெருவிலேயே ராஜகனி மதினி வீட்டுக் கோடு மட்டும் மேலே நிற்கிறது.

"என்ன மதினி, தினம் பந்தியா? சொன்னா பந்தல் போட்டிருப்பேன்ல."

"சமைக்கிற வீட்ல குப்பை வரத்தான் செய்யும். முள்ளை முழுங்கவா சொல்றீரு?"

"பரிசு போயிருமே."

"போகட்டும். அதுல சோறு கட்டிட்டு நான் எந்த ஆபீஸுக்குப் போகப் போறேன்?"

பிப்ரவரி 19, புதன்

செண்பகத்தோடு படிக்கிற ரெனிட்டா வந்திருந்தாள். கலகலவென்று பேசுகிற பிள்ளை. ரெண்டு பேரும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நான் பஜ்ஜி போட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?"

"நிறைய இருக்கு மாமா. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பரீட்சை எழுதலாம். நான் அதுக்குத்தான் படிக்கிறேன்."

"பாஸானா?"

"ஃபேக்டரி ஃபேக்டரியாப் போய்ப் புகையையும் கழிவுத் தண்ணியையும் சோதிக்கலாம்."

"பிடிக்காத மாப்ளை வீட்டுக்குக் குத்தம் கண்டுபிடிக்கப் போற சித்தப்பா வேலை. சரி, அடுத்தது?"

"எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் சாயப்பட்டறைல தண்ணி சுத்திகரிக்கிற இடத்துக்குப் போறான். ஒருத்தி பெங்களூர்ல கரியமிலக் கணக்கு எழுதப் போறா. கம்பெனி எவ்வளவு கரியமில வாயு விடுதுன்னு கணக்கு."

"வாயு விடுறதுக்குக் கணக்கா? இவ எனக்கே எழுதிருவாளே."

ரெனிட்டாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்காவுக்குத்தான் மாமா சூப்பர் வேலை. கோயம்புத்தூர்ல நகரக் குப்பைத் திட்டம் பாக்குற கம்பெனி அடுத்த மாசம் ஆள் எடுக்க வருது. அக்காவோட கிராஃபை ஹெலன் மேடம் இப்பவே அனுப்பிட்டாங்க. அக்காவுக்குக் கிடைச்ச மாதிரிதான்!"

செண்பகம் என்னைப் பார்த்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேங்க."

"கோயம்புத்தூரா! நல்ல ஊரு. தண்ணி இனிக்கும்" என்றேன். பஜ்ஜியை எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்த் தராசுக்கு எண்ணெய் போட்டேன். அந்தத் தராசுக்கு எண்ணெய் தேவையில்லையாம், பிறகு சொன்னாள்.

பிப்ரவரி 20, வியாழன்

சாம்பார் இன்றைக்கு நன்றாக வந்துவிட்டது. சொல்லலாம் என்றால் ஆள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

இதை எப்படி எழுத? நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

என் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பூட்டு கிடையாது. அதில் ஒரு பெரிய அண்டா மூடி போட்டு நிற்கும். ஊரையே கூட்டுகிற கல்யாணத்துக்குத்தான் அது வெளியே வரும். தூக்க நாலு ஆள் வேண்டும், எந்தத் திருடன் வருவான்? நாளைக்கு ஒரு பெரிய கல்யாணம். என் ஆட்கள் அதை மூடியோடு கயிறு கட்டி ஏற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். எப்போதும் கழுவித்தான் கொடுப்போம், இதை அங்கேயே கழுவிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை நல்லதம்பி மூடியைத் திறந்தார். திறந்தவர் ரெண்டு எட்டு பின்னால் வந்தார்.

"என்ன பாண்டி, அவியலை நீரே வச்சுக் கொண்டாந்துட்டீரா?"

எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை குப்பை. பால் கவர், மீன் செதில், முட்டை ஓடு, குழந்தைக்குக் கட்டுகிற டயாப்பர், 'எங்க வீட்ல வெளிச்சாப்பாடே கிடையாது' என்கிற வீட்டுப் புரோட்டாப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே, மகுடம் வைத்த மாதிரி, மூட்டுவலித் தைல பாட்டில். எங்கள் தெருவில் அந்தத் தைல வாசனையோடு நடக்கிற ஆள் ஒருவர்தான்.

பெண்ணைப் பெற்றவர் வருவதற்குள் மூடியைப் போட்டு, மேலே நானே உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து, "என்ன உக்காந்துட்டீங்க?" என்றார். "சூடு ஆறக்கூடாது பாருங்க" என்றேன். அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை. வேறு அண்டா வரவழைத்து, இதை லோடு ஆட்டோவிலேயே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, அண்டாவுல உங்க தைல பாட்டில் கெடக்கு."

"நான் மட்டுமா போட்டேன்? வரிசையில நின்னுல்லா போட்டோம்."

"குப்பையைக் குறைங்கன்னா இப்படியா?"

"லேய், குறைச்சுக் காட்டணும்னு மைக்குல சொன்னே. காட்டியாச்சு. எங்க போடணும்னு சொன்னியா? 'வீட்டுக் குப்பை'ன்னுதானே சொன்னே, அண்டா என்ன என் வீடா?"

கண்டக்டரிடம் சில்லறைக்கும் சட்டத்துக்கும் மல்லுக்கட்டக் கூடாது.

அந்தக் கோடு பொய். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர்க்காரன் வருகிறான். நான் வாயை மூடிக்கொண்டால் செண்பகத்துக்கு வேலை. வேறு யாராவது அண்டாவைத் திறந்தால் மானம் போய்விடும், அவளுடைய மானம். ஆக, சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் வேலை போய்விடும், அவள் இங்கேயே இருப்பாள். அதற்காகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் சொல்கிறேனோ என்று மத்தியானம் முழுக்கக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். கரண்டி எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. வேறு ஒன்றும் தெளியவில்லை.

மார்ச் 1, சனி

அண்டாவை வீட்டு வாசலில் இறக்கி, செண்பகத்தைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்தேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது என்னதுங்க?"

"நம்ம தெரு."

டிபன் கேரியர், மைக், முக்கியக் குறிப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்."

கத்துவாள் என்று நினைத்துக் காலைக் கொஞ்சம் பின்னால் வைத்திருந்தேன். கத்தவில்லை. "நான் பேசினதுலதான் மாறிட்டாங்கன்னு ஹெலன் மேடத்துட்ட சொன்னேங்க. கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு சொன்னேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

பேச்சு இல்லை. உப்பு இருக்கா என்று கேட்டேன். டப்பாவை நகர்த்தினாள்.

மகள் போனில் விசாரித்துவிட்டு, "எப்பா, நீங்க அம்மா காலேஜுக்குப் போறது பிடிக்காமதான் இப்படிப் பண்ணீங்களா?" என்கிறாள். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

காலை பஸ்ஸுக்கு அவள் போகவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தராசை என் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க."

ரெண்டு நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை. பிடித்தேன்.

பழைய பந்தல் துணி ஒன்றை விரித்து, அண்டாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தோம். நாற்றம் எங்கள் ரெண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டது. தெரு கூடிவிட்டது. ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாமானைக் கண்டுகொண்டு, காணாதமாதிரி வானத்தைப் பார்த்தார்கள். ராஜகனி மதினி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தார்கள். துணி முழுக்கத் தேடினாலும் அவர்கள் வீட்டு முள் ஒன்று கிடையாது.

செண்பகம் பாட்டிலைத் தூக்கினாள். "அண்ணாச்சி, இது உங்களுதா?"

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

"முழங்காலைத் தூக்கிக் காட்டுங்க, அதுவே சொல்லும்" என்றார்கள் மதினி.

எல்லாரும் சிரித்த பிறகு செண்பகம் நிமிர்ந்து நின்றாள். "இனிமே போட்டி கிடையாது. பரிசு கிடையாது. போடுறதைப் போடுங்க. இருக்குறதை எழுதுங்க. கூடுதலா இருந்தா வெக்கமில்ல. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு." குரல் உயரவே இல்லை. மைக் இல்லாமல் கடைசி வீடுவரை கேட்டது.

மார்ச் 5, புதன்

ஹெலன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அண்டாக் குப்பையை நிறுத்தியா?" என்று கேட்டார்களாம். நிறுத்தேன் என்றதும், "அப்ப அதையும் சேத்து எழுது. ப்ராஜெக்ட் பிழைச்சுக்கும். ஆனா அந்த கிராஃபைக் கம்பெனிகிட்ட இருந்து திரும்ப வாங்கணும். வேலைக்கு என்னால இனிமே சிபாரிசு பண்ண முடியாது. நேர்காணலுக்குப் போ, நடந்ததைச் சொல்லு" என்றார்களாம்.

"போனாப் போகுதுட்டி" என்றேன். முகத்தைச் சோகமாகத்தான் வைத்திருந்தேன். போதுமான அளவு வைக்கவில்லை போல.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?"

"அடுப்புல பால்" என்று உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே வந்து பார்த்தாள். அடுப்பில் பால் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆறு வாரம் முடிந்தது. கடைசி ரெண்டு வாரக் கோடு ஏறி, உள்ளபடி உள்ள இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அழகாக இல்லை. எங்கள் தெரு மாதிரி இருக்கிறது.

பரிசு கிடையாது என்று செண்பகம் சொன்னாலும், மைக்கில் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்ற வேண்டாமா? டிபன் கேரியரைக் கொண்டுபோய் ராஜகனி மதினியிடம் கொடுத்தேன்.

"நான்தான் கடைசி ஆச்சே?"

"ஆமா மதினி. கடைசிவரைக்கும் கடைசி நீங்க ஒருத்தர்தான்."

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் அடுக்கடுக்காக மீன் குழம்போடு அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கு நேர்காணல். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாளோ என்னவோ, காலையில் "நான் போகலங்க" என்றாள். "அந்தப் பொய்க் கோட்டைப் போட்டவ நானு. எந்த மூஞ்சியோட போய் உக்கார?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா இருந்திருந்தால் பஸ் போயிருக்கும். எழுந்து போய் லோடு ஆட்டோவை எடுத்து வாசலில் நிறுத்தினேன். "ஏறு. அண்டாவையே ஏத்தினவன் நான். நீ என்ன கனமா?"

பல்கலைக்கழக வாசலில், பெரிய பெரிய கார்களுக்கு நடுவில், 'பூல்பாண்டி பந்தல் – சுபகாரியங்களுக்கு அணுகவும்' என்று எழுதின வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பையன்கள் வந்து கல்லூரி விழாவுக்கு மைக் செட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்டா கதையை முழுசாச் சொன்னேங்க. அங்க ஒருத்தர், 'எங்க நகரத்துல சுத்தமான வார்டுக்கு வருஷா வருஷம் கோப்பை கொடுக்கோம்மா, நல்லாத்தான் நடக்குது' ன்னாரு. 'பக்கத்து வார்டு அண்டாவைத் திறந்து பாத்தீங்களா சார்?' ன்னு கேட்டுட்டேன்."

"ஐயோ! போச்சா?"

"இல்லங்க. அவரே சிரிச்சுட்டு, 'பாக்கல. நீங்க வந்து திறங்க' ன்னுட்டாரு. ஜூன்ல சேரணும்."

வண்டி ரெண்டு தடவை அணைந்து அணைந்துதான் கிளம்பியது. பழைய வண்டி, அப்படித்தான்.

"அங்க தங்குற இடத்துல பாத்திரம் இருக்காமா? நான் தாரேன். வாடகை வேண்டாம்."

"சனிக்கிழமை தோறும் வந்துருவேங்க."

"வராம இருந்து பாரு. மைக்கைப் போட்டு இங்க இருந்தே கூப்பிடுவேன்."

சிரித்தாள். பிப்ரவரியில் வரவேண்டிய சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது.

ஜூன் 9, திங்கள்

நேற்று ரயில் ஏற்றிவிட்டேன். படிவம் கிடையாது, தராசைத் திருப்பிக் கேட்க ஆளும் கிடையாது. கை பழகிவிட்டது, அதனால் நிறுத்தேன்.

ஈரக் குப்பை: ஒரு வாழைப்பழத் தோல், டீத்தூள். உலர்ந்தது: பால் கவர், சின்னது.

போட்டி மட்டும் இப்போது நடந்திருந்தால் டிபன் கேரியர் எனக்குத்தான்.

ஜூன் 11, புதன்

டீத்தூள்.

ஜூன் 12, வியாழன்

தங்கப்பழம் அண்ணாச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏலே, உன் வீட்டுக் குப்பையைப் பாத்தா மிச்சத்தை அண்டாவுல கொண்டு போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஈரக் குப்பை: கத்தரிக்காய்க் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் செதில், மாங்கொட்டை ரெண்டு, தேங்காய்த் தண்ணீர் சிந்தின துணியைப் பிழிந்தது (இதைக் குப்பையில் எழுதக்கூடாது என்கிறாள்), டீத்தூள் ரெண்டு பங்கு, வாடின பிச்சிப்பூ ஒரு முழம்.

தராசு முள் இழுத்துக்கொண்டு கீழே போகிறது. எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெருவிலேயே இன்றைக்கு எங்கள் வீட்டில்தான் குப்பை அதிகம்.